குளத்திற் பறவைகளுக்கும் பங்குண்டு

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்துருவம்)

 

இந்து வாலிபர் சங்கமொன்றின் விழா மேடையிலே சமயம், மொழி, கல்வி என்பன பற்றிப் பேசுவதே வழக்கம். நானோ பறவைகளைப் பற்றியும், அவை இரை தேடும் சேற்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இது சமயத்துக்குப் புறம்பான பேச்சென்று எவரேனும் எண்ணக்கூடும். அவர்களுக்கு, எமது கோயில்களிலே புராண படனத்தின்போது நாம் கேட்டு வருகின்ற ஒரு கதையை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் என்று ஒன்றுண்டு. பாண்டி நாட்டிலே ஒரு தடாகத்து மீனை உண்டு வாழ்ந்தது ஒரு நாரை. மழை பொய்த்தது, தடாகம் வற்றியது, நாரை அவ்விடம் விட்டுப் பறந்து, வனத்திலே முனிவர்கள் நீராடும் தீர்த்தமொன்றை அடைந்தது. அம்முனிவர்களின் மேனியிற் பட்டுப் புரளும் மீன்களை உண்ணலாகாதெனப் பசி பொறுத்தது. பின்னர் மதுரையின் பெருமையைக் கேட்டு அங்கே சென்று, பொற்றாமரையில் நீராடிச் சொக்கநாதரை வழிபட்டு முத்தியும் பெற்றது. இக்கதையைக் கேட்கும் நாம் நாரையின் பக்தியை வியக்கிறோம். வியக்கத்தான் வேண்டும். ஆனால் கதை எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிப்பவர் சிலரே. அது வற்றிய குளத்திலே தொடங்குகிறது. இருந்த இடம் இல்லாமற் போனதால் ஓருயிர் இடம்பெயர்கிறது. இடம்பெயர்தல் இன்னதென்பதை வடபகுதி மக்களாகிய எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அந்த நாரைக்குப் போய்ச் சேர இன்னொரு தீர்த்தம் இருந்தது. இன்று எங்கள் ஊர்க்குளம் தூர்ந்து போனால், அதை நம்பி வருகின்ற பறவைகளுக்கு அடுத்த ஊரிலே ஒரு குளம் இருக்குமா? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

இக்கேள்வியை இவ்வாண்டிலே எழுப்புவதற்கு ஒரு காரணமும் உண்டு. ஊர்க்குளத்தைத் திருத்தும் பணியை எமது சங்கம் கையேற்பதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அதற்கு முதற்கண் என் பாராட்டு. அப்பணிக்கென வரைந்த படத்தைச் செயலாளர் எனக்குக் காட்டினார். நாற்புறமும் சீமெந்துச் சுவர், சுவரோரமாக நடைபாதை, பாதை நெடுக மின்விளக்கு, நடுவிலே ஒரே சீரான ஆழம், கரையெங்கும் வரிசையாக மரக்கன்று. நல்லெண்ணத்தோடு வரைந்த படமே அது. ஆயினும் மண் அகழும் இயந்திரம் குளத்தில் இறங்குவதற்கு முன்னர் அப்படத்தை ஒருமுறை மீளப் பார்க்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளவே இந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்துகிறேன்.

எமது முன்னோர் கேணி வேறு, குளம் வேறு என்று தெளிவாக அறிந்திருந்தனர். கேணி கோயிலுக்குரியது. கல்லாற் கட்டிப் படி அமைத்து, தீர்த்தமாடுவதற்கென வைத்துக்கொண்டது. குளமோ ஊருக்குரியது. அது மண்ணால் ஆனது. மாடு இறங்கி நீர் குடிக்கச் சரிவான கரையும், நீர் குடித்தெழுந்த மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும் அங்கே இருந்தன. வாயில்லாச் சீவனுக்கு முதுகு அரிக்குமே என்று நினைத்துக் கல் நட்டவர்கள் எமது பாட்டன்மார். குளத்திலே மனிதனுக்கு மாத்திரமன்றி மற்றைய உயிர்களுக்கும் பங்குண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? கேணியைக் கட்டுவோம், அது முறை. குளத்தையும் கேணியாக்கி விடுவோமானால் அந்தப் பங்கை நாம் பறித்தவர்களாவோம்.

அன்பர்களே, ஈரநிலம் என்று இன்று அறிஞர் கூறுவது எங்கோ தொலைவில் உள்ள சதுப்பை மாத்திரம் அன்று. ஊர்க்குளம், வயல், மழைக்காலத்தில் நீர் நிற்கும் தரவை, களப்பு, கண்டற்காடு, உப்பளம், கடல் வற்றும்போது தெரியும் சேற்றுத்திடல் ஆகிய யாவும் ஈரநிலங்களே. இவற்றுள் தரவையையும் உவர்வெளியையும் பார்த்து, ‘அது சும்மா கிடக்கிற காணி’ என்று சொல்வது எமது வாய்ப்பழக்கமாகி விட்டது. சும்மா கிடப்பதுதானே என்று குப்பையைக் கொட்டுகிறோம், மண்ணை அள்ளுகிறோம், மண் போட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்புகிறோம். உலகெங்கும் இதுவே நடந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டுக்கும் 2015ஆம் ஆண்டுக்கும் இடையிலே உலகத்து ஈரநிலங்களில் ஏறக்குறைய 35 சதவீதம் அழிந்துவிட்டதென 2018இல் வெளியான சர்வதேச அறிக்கை கூறுகின்றது.

சும்மா கிடக்கிறதென்று நாம் சொல்லும் அந்த நிலத்திலே நடப்பதென்ன? ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருகின்றது. ஏறக்குறைய அதே காலத்தில் வடக்கே குளிர்நாடுகளிலிருந்து பறவைகளும் வந்து சேருகின்றன. மத்திய ஆசியாவுக்கும் அதற்கு அப்பால் ஆர்க்டிக் கரைக்கும் உள்ள நிலங்களில் குஞ்சு பொரித்து, அங்கே பனி மூடத் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுபவை இவை. இந்தியாவைக் கடந்து வரும் அவற்றுட் பலவற்றுக்கு இலங்கையே வழியின் முடிவு. இங்கிருந்து தெற்கே அகன்ற சமுத்திரமே உள்ளது. எனவே இங்கே இடமில்லையென்றால் அப்பால் வேறு இடமில்லை. 2021இல் மன்னாரிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடங்காட்டும் சிறுகருவி பொருத்தி விட்ட கடற்காகமொன்று ரஷ்யாவின் வடகோடிவரை ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து சென்றமை பதிவாகியிருக்கிறது. மன்னார்க் கரையிலே தின்ற இரையோடுதான் அது அப்பயணத்தைத் தொடங்கியது.

பறவைகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இரை தேடுவதில்லை. சிறிய உள்ளான்கள் ஈரச் சேற்றிலும், கணுக்கால் நனையும் நீரிலும் அலகால் குத்திப் புழுவையும் பூச்சியையும் எடுக்கின்றன. பவளக்கால் உள்ளான் அதைவிடச் சற்று ஆழத்தில் நடக்கின்றது. நாரைக்கும் கொக்குக்கும் முழங்காலளவு நீர் போதும். பூநாரை உவர்நீரிலே தலையைக் கவிழ்த்து நுண்ணுயிர்களை வடித்துத் தின்னுகின்றது. கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழமான நீர் வேண்டும். ஆகவே பல படியான ஆழம் உள்ள குளத்திலே பல சாதிப் பறவைகள் கூடியிருக்கும். ஒரே ஆழமாகத் தோண்டிய குளத்திலோ நீர்க்காகம் போன்ற சிலவே மிஞ்சும்.

சரிவான கரைக்கு இன்னுமொரு பயன் உண்டு. தை, மாசியில் குளத்துநீர் கொஞ்சங் கொஞ்சமாக வற்றும்போது நீரின் விளிம்பு நாள்தோறும் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். நேற்று நீருக்குள் இருந்த சேறு இன்று வெளியே தெரியும். அதிலே புதிய இரை இருக்கும். பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பவேண்டிய பறவைகள் தமது நெடும்பயணத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்வது இவ்விதமே. சுவர் கட்டிய குளத்தில் நீர் மட்டம் இறங்கும். ஆனால் சேறு வெளிப்படாது. பந்தி போட்டிருந்தும் வந்தவர் இலையை எட்டமுடியாத நிலை அது.

கோடையில் குளம் வற்றுவதைப் பலர் குறையாக நினைக்கின்றனர். அதுவும் குறையன்று. வற்றிய குளத்தில் வெடிப்புக் காணும் மண் காற்றை உட்கொள்கின்றது, புல் முளைக்கின்றது, மாடு மேய்ந்து எருப் போடுகின்றது. மாரி மழை விழுந்ததும் அந்த எருவிலிருந்து பூச்சியும், பூச்சியிலிருந்து தவளையும் மீனும், அவற்றை நாடிப் பறவையும் வருகின்றன. ஆண்டு முழுவதும் நீரை நிறுத்தினாற்றான் குளம் என்பது நகரத்துப் பூங்காவிற்கான எண்ணம்.

இனி மன்னாரை எடுத்துக்கொள்வோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்துக்கும், அதன் பாலாவித் தீர்த்தத்துக்கும் நம்மிற் பலர் சிவராத்திரிக்குச் சென்று வந்திருக்கிறோம். அங்கிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாலத்தை நோக்கிப் போகும்போது வீதியின் இருபுறமும் பரந்து கிடக்கும் உவர்வெளியைப் பார்த்து, ‘ஒன்றுமில்லாத வெளி’ என்று சொல்லாதார் யார்? அவ்வெளியை உள்ளடக்கிய வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். முட்புதர், புல்வெளி, மணற்றிட்டி, கண்டல், சேற்றுத்திடல், ஆழமற்ற கடல் என்பன அருகருகே அமைந்த இடம் அது. இருபதினாயிரம் அளவிலான நீர்ப்பறவைகள் அங்கே தங்குவதாகக் கணக்கிட்டுள்ளனர். 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் ஏற்பட்ட ஈரநில உடன்படிக்கையில் இலங்கை 1990இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஆறு இலங்கை ஈரநிலங்களுள் ஒன்றாக 2010இல் வங்காலை சேர்க்கப்பட்டது. நாம் ஒன்றுமில்லையென்று சொன்ன வெளியை உலகம் எண்ணிப் பார்த்து ஏட்டிலே எழுதியிருக்கிறது.

அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்து நிரப்பும் கட்டுக்கரைக்குளம் 1954இலேயே சரணாலயமாயிற்று. பறவைகளுக்கென 1938இல் காக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. சட்டம் நமக்குத் தேவை. ஆனால் சட்டம் எல்லைக்கல் நடும். குப்பை கொட்ட வந்தவனின் கையை ஊரவரே பிடிக்கவேண்டும். மேலும், எமது ஊர்க்குளம் போன்ற நூற்றுக்கணக்கான சிறு குளங்களும் தரவைகளும் எந்தச் சரணாலயத்துக்குள்ளும் அடங்கவில்லை. அவற்றுக்கு ஊரே காவல்.

குளம் கெடுவதற்குக் காரணம் நாம் அறிந்ததே. வெள்ளவாய்க்காலை அடைத்து மதில் கட்டுகிறோம். நீர் வராத குளம் தானே தூர்கின்றது. கழிவுநீரைத் திருப்பி விடுகிறோம். பொலித்தீன் பையைக் கட்டி எறிகிறோம். தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சிப் போட்ட உரமும் மருந்தும் மழையோடு வந்து சேர, ஆகாயத்தாமரை நீரை மூடிவிடுகின்றது. இவை தீமையென்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆகையால் இவை பற்றி நான் அதிகம் பேசவில்லை. நன்மையென்று நினைத்துச் செய்யும் பிழைகளே எனக்குக் கூடிய கவலையைத் தருகின்றன. அவற்றுக்கு எமது நாட்டிலேயே மூன்று படிப்பினைகள் உள்ளன.

முதலாவது, கண்டல் நடுகை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் எமது நாட்டுக் கரையோரங்களில் ஊக்கத்தோடு கண்டற் கன்றுகள் நடப்பட்டன. அப்படி நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையொன்று, ஒன்பது இடங்களிலே ஒரு கன்றுகூட எஞ்சவில்லை என்று காட்டியது. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் பயன் தந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. கண்டல் இயல்பாக வளராத இடத்திலும், நீரோட்டத்தை அறியாமலும் நட்டதே பெருங்காரணம். திறந்த சேற்றுத்திடலிலே மரம் நட்டால், மரம் பட்டுப்போனாலும் நட்டம், பிழைத்துக்கொண்டாலும் நட்டம். பிழைத்தால் உள்ளான்களின் உணவுத்தட்டு மூடப்படுகின்றது.

இரண்டாவது, புந்தல. தெற்கே அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள இந்த இடமே இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம். அங்கே பூநாரைகள் பெருங்கூட்டமாக வந்து தங்கின. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிந்த நீர் எம்பிலிகல, மாலல என்னும் களப்புகளிற் சேரத் தொடங்கியது. நன்னீர்தானே, வந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் உவர் குறைந்தது. உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் குறைந்தன. அவற்றை நம்பிய பூநாரைகளும் அருகிப்போயின. நீர் இருந்தால் மட்டும் போதாது, அந்தந்த இடத்துக்குரிய நீராக இருக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, நல்ல படிப்பினை. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் சரணாலயத்திலே, ஒருகாலத்தில் கண்டலை அழித்து இறால் பண்ணைகள் வெட்டினார்கள். பின்னர் அவை கைவிடப்பட்டன. அந்நிலத்தை மீட்க வந்தவர்கள் கன்று நடுவதில் அவசரப்படவில்லை. பண்ணைக்கென எழுப்பிய வரம்புகளை வெட்டி, அடைபட்ட நீர்வழிகளைத் திறந்தார்கள். நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் விதைகளை நீரே கொண்டுவந்தது. கண்டற்காடுகளை மீட்கும் இலங்கையின் முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு முன்மாதிரியான ஏழு மீட்புப் பணிகளுள் ஒன்றாகத் தெரிந்தெடுத்தது. நாம் செய்யவேண்டியது தடையை நீக்குவது. மிகுதியை இயற்கை செய்யும்.

பசித்த மனிதன் இருக்கப் பறவைக்குப் பரிந்து பேசுவது தகுமா என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. கமக்காரனின் வயிற்றிலடித்துப் பறவையை வாழவைக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நெற்கதிரை நாசமாக்கும் பறவைகளும் உண்டு. அவற்றை வயலிலிருந்து துரத்தும் உரிமை உழுதவனுக்கு உண்டு. ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள் ஊறி நிற்கும் மழைநீரே எமது கிணறுகளுக்கு ஆதாரம். அந்த நீரை நிலத்துக்குள் இறக்குவதிற் குளங்களுக்கும் தரவைகளுக்கும் பெரும் பங்குண்டு. குளத்தின் அடியைச் சீமெந்தால் மெழுகினால் பறவை போவது மாத்திரமன்று, கிணற்றுக்கு இறங்கும் நீரும் குறையும். நன்னீர் குறைந்த கிணற்றில் உவர் ஏறும் என்பதைக் கரையோர ஊரவர்கள் நன்கு அறிவர். பறவைக்கு வேண்டிய குளமும் கிணற்றுக்கு வேண்டிய குளமும் ஒன்றேதான்.

இதற்கு இன்னொரு சான்று எமது மொழி பேசும் ஊரொன்றிலேயே உண்டு. தமிழ்நாட்டிலே செங்கல்பட்டுக்கு அருகே வேடந்தாங்கல் என்னும் கிராமம் இருக்கிறது. அவ்வூர் ஏரியிலே பறவைகள் கூடுகட்ட, அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்குப் பாய்ந்து உரமாயிற்று. அந்த நன்மையை அறிந்த கமக்காரர்கள், வெள்ளைக்காரப் படையினர் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வுரிமையை எழுத்திலே கொடுத்தார். பறவைகளைக் காக்கவேண்டுமென்று அவர்களுக்குக் கற்பித்த விஞ்ஞானி எவரும் இல்லை. தம் வயலைப் பார்த்தே கற்றார்கள். 2022இல் வேடந்தாங்கலும் ராம்சார் இடமாயிற்று. சிவகங்கைப் பக்கத்திலே கொள்ளுக்குடிப்பட்டி என்னும் ஊரவர்கள், குளத்திலே கூடுகட்டும் பறவைகள் கலையக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. பண்டிகையை அவர்கள் விட்டுவிடவில்லை. வெடியை மட்டுமே விட்டார்கள்.

இனி எமது படத்தைத் திருத்துவோம். என் யோசனைகளைச் செயற்குழுவின் முன் பணிவோடு வைக்கிறேன்.

ஒன்று: இயந்திரத்தை அழைப்பதற்கு முன்னர் நில அளவையாளரை அழையுங்கள். குளத்தின் எல்லையையும், அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களையும் கமநல சேவை நிலையத்தாருடனும் பிரதேச சபையாருடனும் கிராம அலுவலருடனும் சேர்ந்து அடையாளமிடுங்கள். அடைபட்ட வாய்க்காலைத் திறப்பதே முதல் வேலை. வாய்க்காலை மறித்தவர் நமது உறவினராக இருக்கலாம். சங்கத்து அங்கத்தவராகவும் இருக்கலாம். அவரிடம் போய்ப் பேசுவது சுவர் கட்டுவதிலும் கடினம். அதனாற்றான் பலர் சுவர் கட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டு: சேற்றை முழுவதும் அள்ளாதீர்கள். நடுப்பகுதியை ஆழமாக்குங்கள், கரையோரத்தைச் சரிவாகவே விடுங்கள். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் செய்யாமல், இவ்வாண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறுபாதி என்று செய்தால், புழுவும் பூச்சியும் விதையும் எஞ்சிய பாதியிலிருந்து பரவும். அள்ளிய வண்டலை முன்னோர் செய்ததுபோலத் தோட்டத்துக்கும் வயலுக்கும் கொடுங்கள். வேலை கோடையில் முடியவேண்டும். மாரியில் பறவை கூடுகட்டும் காலத்தில் ஒரு மண்வெட்டியும் இறங்கலாகாது.

மூன்று: நாற்புறச் சுவரை நீக்குங்கள். மண் அரிக்கும் ஓரிடத்துக்கு மட்டும் கல் அடுக்கினாற் போதும். நடைபாதை வேண்டுமெனின் ஒரு பக்கத்தில் மாத்திரம், கரையிலிருந்து தள்ளி அமையட்டும். மறுபக்கம் புல்லுக்கும் கோரைக்கும் தாழைக்கும் விடப்படட்டும். அது காடுபற்றிக் கிடக்கிறதென்று துப்புரவாக்கப் புறப்படாதீர்கள். தாழைக்கோழியும் நாமக்கோழியும் அங்கேதான் முட்டையிடும். ஏற்கெனவே நிற்கும் மருதமரங்களைக் காத்தாற் போதும். வெறும் சேற்றுக்கரையிற் புதிதாக மரம் நடவேண்டாம்.

நான்கு: இரவிலே விளக்கு வேண்டாம். வீதியோரத்தில் ஒன்றிரண்டு இருக்கட்டும். திருவிழாக் காலத்தில் வாணவேடிக்கையையும் ஒலிபெருக்கியையும் குளத்திலிருந்து அப்பாற் கொண்டு செல்லலாமா என்று கோயிற் பரிபாலன சபையாரைக் கேட்டுக்கொள்ளுகிறேன். இதனால் சுவாமிக்கு ஒரு குறையும் வராது. முருகப்பெருமானுக்கு மயிலும் சேவலும், பிரமதேவருக்கு அன்னமும், விஷ்ணுவுக்குக் கருடனும் என்று புள்ளினத்தைத் தெய்வங்களின் அருகில் வைத்துப் பூசிப்பவர்கள் நாம். சிலையில் உள்ள பறவைக்குச் சந்தனம் சாத்திவிட்டு, மரத்தில் உள்ள பறவையை வெடிவைத்துக் கலைப்பது பொருந்துமா?

ஐந்து: எண்ணிப் பாருங்கள். 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. நமது வாலிபர்கள் அதிலே பங்குபற்றலாம். தொலைநோக்குக் கருவி ஒன்றும், குறிப்புப் புத்தகம் ஒன்றும், விடியற்காலை எழும் பழக்கமும் இருந்தாற் போதும். பறவைகளின் பெயர் தெரியாதென்று தயங்கவேண்டாம். கமக்காரரிடமும் மீனவரிடமும் கேளுங்கள். உள்ளான், கிளுவை, ஆலா, ஆட்காட்டி, அரிவாள்மூக்கன் என்று தமிழிலே பெயர் சொல்லித் தருவார்கள். அவர்களுக்குப் பின் அப்பெயர்களைச் சொல்ல ஆளில்லாமற் போகாமல் அதையும் எழுதி வையுங்கள். குளம் திருத்துவதற்கு முன் எத்தனை பறவை, திருத்திய பின் எத்தனை பறவை என்ற கணக்கே நமது வேலைக்குப் பரீட்சை. திறப்பு விழாக் கல்வெட்டிலுள்ள பெயர்களின் எண்ணிக்கை பரீட்சையாகாது.

சுவரும் விளக்கும் இல்லாவிட்டால் வேலை நடந்ததாக ஊருக்கு எப்படித் தெரியும், நிதி தந்த வெளிநாட்டு அன்பர்களுக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்று வாலிபர் ஒருவர் கேட்டார். அவருடைய சங்கடம் எனக்கு விளங்குகின்றது. நான் சொல்லும் வேலை முதலாண்டிலே படத்துக்கு அழகாக இராது. சேறும் கோரையுமாகத்தான் தெரியும். இரண்டாம் மாரியிலே நீர் நிறைந்து, தை மாதத்துக் காலையிலே கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் வந்து இறங்கும்போது எடுக்கும் படத்தை அனுப்புங்கள். அவ்வன்பர்களும் இந்த ஊரிற் பிறந்து, இந்தக் குளத்திலே நீந்தப் பழகியவர்கள்தாம். தாம் கண்ட குளம் இன்னும் இருக்கிறதென்று அறிவதிலும் மிக்க மகிழ்ச்சி அவர்களுக்கு வேறு இராது.

பெரியோர்களே, இவ்வூர்க் குளத்தை வெட்டியவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் தம் பெயரைக் கல்லிலே பொறிக்கவில்லை. ஆவுரஞ்சிக்கல்லையே நட்டுவிட்டுப் போனார்கள். அவர்களிடமிருந்து நமக்குக் கிடைத்ததை, அதே பங்காளிகளோடு அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதே நமது கடமை. வாலிப அன்பர்களே, அடுத்த செயற்குழுக் கூட்டத்திலே அந்தப் படத்தை மேசையில் விரித்து, சுவரைக் குறிக்கும் கோட்டை அழித்து, வாய்க்காலைக் குறிக்கும் கோட்டை வரையுங்கள். அவ்வேலைக்கு என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாரைக்கும் வீடுபேறு அளித்த சொக்கநாதப் பெருமான் திருவருள் எமது சங்கத்தின் முயற்சிக்குத் துணைநிற்பதாக.